நாற்பதில் ஒன்று

முத்துக்குமாரசாமியிடம் "இது நல்லதா, கெட்டதா?" என்று யாரும் சுலபமாகக் கேட்டுவிட முடியாது. கேட்டால், "எத்தனை தடவ பாத்தீரு?" என்று திருப்பிக் கேட்பார். கல்யாணமான புதிதில் கோமதியம்மாள் புளிக்குழம்பு வைத்துப் போட்டுவிட்டு, ஆசையாக எதிரே உட்கார்ந்து, எப்படி இருக்கிறது என்று கேட்டாள். மனிதர் யோசித்தார். "இன்னும் நாலஞ்சு தடவ வையி, பாத்துச் சொல்லுதேன்" என்றார். மறுநாள் முழுக்க அவருக்குத் தண்ணீர் ஊற்றின சோறும் நார்த்தங்காய் ஊறுகாயும்தான். அப்படியும் புத்தி வரவில்லை.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. பார்க்கிற உத்தியோகம் அப்படி. விவசாய இலாகாவில் டெமான்ஸ்ட்ரேட்டர். தென்காசியில் குடியிருந்துகொண்டு, சுற்றுவட்டாரத்து வயல்களில் புது நெல், புது உரம் போட்டுக் காட்டுகிற வேலை. கோயம்புத்தூர் விவசாயக் காலேஜில் அவருக்கு ஒரு புதுக் கணக்கைச் சொல்லிக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். ஒரு வயலில் ஒரு நெல் நன்றாக விளைந்தால் அது நெல்லின் குணமா, மண்ணின் குணமா என்று யாராலும் சொல்ல முடியாது. பல துண்டு நிலங்களில் போட்டுப் பார்க்க வேண்டும். எத்தனை துண்டில் போட்டால் உண்மை தெரியும், எத்தனைக்குக் குறைந்தால் ஏமாந்து போவோம் என்பதை விதைக்கும் முன்னாலேயே கணக்குப் பண்ணிவிட வேண்டும். இதுதான் அந்தக் கணக்கு. வைகாசி பிறந்துவிட்டால் மனிதர் வாயில் வேறு பேச்சே வராது.

இந்தக் கணக்கை முதலில் நம்பினவர் இலஞ்சி சிவனணைந்தபெருமாள். பெரிய நிலக்காரர். முந்தின வருஷம் மடைவாயில் இருந்த ஒரே வயலில் புது நெல் அமோகமாக விளைந்ததைப் பார்த்துவிட்டு, அத்தனை நிலத்துக்கும் அதுதான் என்று குதித்தார். முத்துக்குமாரசாமி அவர் காலைக் கையைப் பிடித்து, அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பதினாறு துண்டுகளில் பழசையும் புதுசையும் மாற்றி மாற்றி விதைக்க வைத்தார். அறுத்து அளந்து பார்த்தால் இரண்டுக்கும் ஒரு மரக்கால் வித்தியாசம்கூட இல்லை. மடைத் தண்ணீர் பண்ணின மாயம் அது. அன்று முதல், "ஆபீசர் சொன்னாச் சரிதாம்வே" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

நெல்லோடு நின்றிருந்தால் ஒரு வம்பும் இல்லை.

சிவனணைந்தபெருமாளின் மனைவி உலகம்மாள் இரண்டாவது பிரசவத்தில் இறந்து போனாள். தாயும் போய், பிள்ளையும் போயிற்று. மூத்தவள் முருகம்மாள் ஒருத்திதான் மிச்சம். அவளைப் புளியறையில் கட்டிக் கொடுத்திருந்தார். மனைவி பெயரில் தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையோரம் ஒரு பிரசவ விடுதி கட்டினார். ஏழைபாழைகளுக்கு இலவசம். அதற்கென்று திருநெல்வேலியில் படித்துத் தேறின மருத்துவச்சி ஒருத்தியைக் கொண்டுவந்து வைத்தார். அவள்தான் மாரித்தாய். பண்பொழிக்காரி, தாய் தகப்பன் இல்லாதவள். முத்துக்குமாரசாமி வீட்டின் பின்கட்டு அறையில் குடியிருந்தாள். வந்த வாரமே கோமதியம்மாளோடு ஒட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் சாயங்காலம் தாயம் உருட்ட உட்கார்ந்தால் அந்தச் சிரிப்பு தெருமுனை வரைக்கும் கேட்கும்.

அந்தச் சிரிப்புக்குக் கண்பட்டது. மாரித்தாய் பார்த்த முதல் ஐந்து பிரசவத்தில் இரண்டு பிள்ளை தங்கவில்லை. ஒன்றுக்குக் கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. இன்னொன்று எட்டாம் மாசத்திலேயே வந்துவிட்டது. ஊருக்கு அதெல்லாம் எதற்கு? அந்தப் பக்கத்தில் கைராசி பார்க்காத காரியமே கிடையாது. முதல் நாற்றுமுடியை யார் ஊன்றுவது, மாங்காய்க்கு யார் உப்புப் போடுவது என்று எல்லாவற்றுக்கும் கை பார்ப்பார்கள். "ராசியில்லாத கை" என்று ஒருத்தி சொன்னாள். ஒரே வாரத்தில் ஊரே சொல்லிற்று. விடுதிப் பக்கம் ஒரு வயிற்றுக்காரி எட்டிப் பார்க்கவில்லை.

ஆனி மாசம் ஒரு காலை, சாரல் பிசுபிசுத்துக்கொண்டிருந்தபோது சிவனணைந்தபெருமாள் வந்தார். குடையை மடக்கும்போதே விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

"மாரித்தாயை நிப்பாட்டிரலாம்னு இருக்கேம்வே. உம்ம வீட்லதான இருக்கா. நீரே பக்குவமா எடுத்துச் சொல்லிரும்."

"அஞ்சை வச்சா முடிவு பண்ணுதீங்க?" என்றார் முத்துக்குமாரசாமி.

"அஞ்சுல ரெண்டுவே! இன்னும் எத்தனை சாகணும்ங்கீரு?"

முத்துக்குமாரசாமி எழுந்தார். உள்ளே போய், கோமதியம்மாள் புளி குத்திச் சேர்த்து வைத்திருந்த கொட்டைகளில் அறுபதை ஓர் ஓலைக் கொட்டானில் எண்ணிப் போட்டுக்கொண்டு வந்தார். அதில் பத்தை எடுத்துத் தரையில் இரண்டு பக்கமும் வெள்ளை தெரிய உரசத் தொடங்கினார். பெரிய மனிதர் ஒருவர் வந்து உட்கார்ந்திருக்க, இவர் சின்னப் பிள்ளை மாதிரி புளியங்கொட்டை உரசிக்கொண்டிருக்கிறார். சிவனணைந்தபெருமாளுக்குக் கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை. உரசின பத்தையும் திரும்பக் கொட்டானில் போட்டுக் குலுக்கி, அவர் முன்னால் நகர்த்தி வைத்தார் முத்துக்குமாரசாமி.

"அண்ணாச்சி, நான் சுத்துப்பட்டு ஊர்ல எல்லாம் விசாரிச்சுட்டேன். எந்தக் கை பிரசவம் பாத்தாலும் ஆறு பிள்ளைக்கு ஒண்ணு தங்கலை. இந்தக் கொட்டானும் அப்படித்தான். ஆறுக்கு ஒண்ணு வெள்ளை. கண்ணை மூடிட்டு அஞ்சு எடுங்க."

எடுத்தார். ஐந்தும் கறுப்பு. திரும்பப் போட்டுக் குலுக்கி எடுத்தார். ஒரு வெள்ளை. மூன்றாம் தடவை கையை விரித்தார். உள்ளங்கையில் இரண்டு வெள்ளை. அவர் முகம் விழுந்துவிட்டது.

"ஒரே கொட்டான், ஒரே கை" என்றார் முத்துக்குமாரசாமி. "அஞ்சு தடவை எடுத்தா ஒரு தடவை இப்படி வரத்தான் செய்யும். உங்க கையை நிப்பாட்டிரலாமா?"

சிவனணைந்தபெருமாள் அந்த இரண்டு வெள்ளைக் கொட்டைகளையும் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப, அவ கை நல்ல கைங்கீரா?"

"அதுவும் தெரியாது. மத்த மருத்துவச்சிகளைவிட அவ கையில ரெண்டு மடங்கு பிள்ளை போகுதுன்னு வச்சுக்கிடுங்க. அது நெசம்னா, நாற்பது பிரசவம் பாத்தா அநேகமா வெளிச்சமாயிரும். அப்பவும் அஞ்சுக்கு ஒரு தடவ நம்ம கண்ணுக்குத் தப்பிரும். அதுக்குக் கொறச்சுப் பாத்தா பிரயோஜனமில்ல. இந்த அஞ்சையும் சேக்கவும் கூடாது. இதைப் பாத்துத்தான சந்தேகமே வந்துச்சு? புதுசா நாற்பது பாக்கணும்."

"நாற்பது!" சிவனணைந்தபெருமாள் எழுந்துவிட்டார். "நெல்லுக்குச் சொன்னீரு, சரின்னேன். பொய்ச்சாலும் வைக்கோலாவது மிஞ்சும். இது பிள்ளைவே! அவ கை நெசமாவே ஆகாத கைன்னா, உம்ம நாற்பதுக்கு நான் யாரு வீட்டுப் பிள்ளையைக் கொண்டாந்து வைக்க? சொல்லும்!" கடைசியில் அவர் குரல் உடைந்து போயிற்று. உலகம்மாளை நினைத்துக்கொண்டார் என்பது பார்த்தவுடனே தெரிந்தது.

முத்துக்குமாரசாமி கொட்டானைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். துண்டு நிலத்துக்குக் கணக்குப் போடும்போது இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை.

"எங்க வீட்டுப் பிள்ளையை வைங்க, அண்ணாச்சி."

நடைவாசலில் காப்பித் தம்ளரோடு கோமதியம்மாள் நின்றுகொண்டிருந்தாள். எட்டு மாச வயிறு. வளைகாப்பு போட்ட வளையல் இன்னும் கை நிறையக் கிடந்தது. "நாற்பதுல ஒண்ணு நான். மிச்சத்தை நீங்க பாத்துக்கிடுங்க."

"ஏ தாயி, என்ன பேச்சுப் பேசுத?" என்று பதறினார் சிவனணைந்தபெருமாள். அவள் அசையவில்லை. தம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டு நின்றாள். அவர் காப்பியைக் குடிக்காமலே கீழே வைத்தார். "சரி. உன் பிரசவம் நல்லபடியா முடியட்டும். முடிஞ்சா மாரித்தாய் இருக்கட்டும், நாற்பதாகுத வரைக்கும் நான் வாயத் தொறக்க மாட்டேன். ஏதும் ஒண்ணுன்னா..." சொல்லாமலே குடையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

ஒன்றை வைத்து முடிவு கட்டுவது கணக்குக்கு விரோதம் என்று சொல்ல வேண்டிய ஆள் அங்கேயே நின்றார். அவருக்கு அப்போது கணக்கு எதுவும் ஞாபகத்தில் இல்லை. கோமதியின் வயிற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் மாரித்தாய் காதுக்கு விஷயம் போய்விட்டது. கிணற்றடியில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தவள் கையைக்கூடக் கழுவாமல் ஓடி வந்தாள்.

"மதினி, உங்களுக்கு என்ன கிறுக்கா? பேசாம சுரண்டைக்கு உங்க அம்மைகிட்டப் போயிருங்க. எனக்கே என் கையைப் பாத்தாப் பயமா இருக்கு." சாம்பல் படிந்த இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். பிறகு முத்துக்குமாரசாமி பக்கம் திரும்பினாள். "அண்ணாச்சி, நீங்க படிச்சவிய. அஞ்சு பிரசவத்துலயும் நான் பண்ணுனது அத்தனையும் உங்ககிட்டச் சொல்லியிருக்கேன். என் கை நல்ல கைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அது போதும் எனக்கு."

பாவி மனிதர், சொல்லியிருக்கலாம். நாக்கு வரைக்கும் வரவும் வந்தது. "கெட்ட கைன்னு சொல்ல முடியாதும்மா" என்றார். "நல்ல கைன்னும்... அஞ்சை வச்சுச் சொல்ல முடியாது."

மாரித்தாய் விரித்த கைகளை மடக்கிக்கொண்டாள். கிணற்றடிக்குத் திரும்பிப் போய்விட்டாள். அன்றைக்குத் தாயம் உருட்டும் சத்தம் கேட்கவில்லை.

"ஒரு பொய் சொன்னா வாய் வெந்தா போயிரும்?" என்று கோமதியம்மாள் சண்டைக்கு வந்தாள். "புளிக்குழம்புக்கே சொல்லாத ஆளு, இதுக்கா சொல்லுவீய!"

அவர் சண்டை போடவில்லை. தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்குப் போவதுதான் வழக்கம். வழக்கப்படி சுரண்டையிலிருந்து வண்டி எப்போது வரும் என்று அவர் உள்ளுக்குள் நாளை எண்ணிக்கொண்டிருந்தார். வண்டி வந்துவிட்டால் இவள் போய்விடுவாள். சிவனணைந்தபெருமாளிடம், என்ன செய்வது, மாமியார் வந்து கூட்டிப் போய்விட்டாள் என்று சொல்லிவிடலாம். இதை நினைக்க அவருக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் நினைத்தார்.

அந்த வாரமே கோமதியின் தாய் மூக்கம்மாள் முறுக்கும் அதிரசமுமாக வில்வண்டியில் வந்து இறங்கினாள். கோமதியம்மாள் "நான் வரலைம்மா" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே, முத்துக்குமாரசாமி அவளுடைய டிரங்குப் பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்தார். தலையணையை வைத்தார். அவளுக்குப் பிடித்த தாயக்கட்டையையும் மறக்காமல் கொண்டுபோய் வைத்தார். கோமதியம்மாள் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் ஒண்ணு கேக்கட்டா?"

"என்ன?"

"உங்க நாற்பதுல எல்லாரும் அடுத்த வீட்டுக்காரன் பொண்டாட்டியா இருந்தாத்தான் கணக்கு சரியா வருமோ?"

அவர் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாடு தலையை ஆட்டியது; சலங்கை குலுங்கியது. "எனக்குப் பயமா இருக்கு, கோமதி" என்றார். கல்யாணமாகி அவர் அவளிடம் சொன்ன வார்த்தைகளில் இதற்கு மட்டும்தான் யோசிக்கவில்லை. "நெல்லுன்னா அடுத்த பருவம் விதைச்சிக்கிடலாம். உனக்கு நான் எங்கன போவேன்?"

கோமதியம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. சிரிக்கவும் செய்தாள். "எனக்கு மட்டும் பயமில்லாமலா இருக்கு? ஆனா அவ கையைப் பிடிச்சிக்கிட்டு இருந்தா எனக்குப் பயம் குறையுது. அந்தக் கையை விட்டுட்டு நான் எங்க போக?"

பெட்டியை ஏற்றினவரே இறக்கினார். மூக்கம்மாளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் மருமகனை நேருக்கு நேர் வைய முடியாதே! வண்டி மாட்டைப் பார்த்து வைதாள். "ஏ மூதி, உனக்கு மண்டையில மசாலா இருக்கா? பெத்தவ வீட்டுக்குப் போற பிள்ளையை மறிச்சு வச்சுக்கிட்டு என்ன கணக்குப் போடுத? நாசமாப்போற கணக்கு!" மாடு அசைபோட்டுக்கொண்டே கேட்டது. முத்துக்குமாரசாமியும் தலையைக் குனிந்து முழுவதையும் கேட்டுக்கொண்டார். வைது முடித்துவிட்டு மூக்கம்மாள் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, "எங்க அடுப்பாங்கரை?" என்று உள்ளே வந்தாள். அவளும் தங்கிவிட்டாள்.

ஆடியில் நல்ல சாரல். ஐந்தருவிச் சத்தம் காற்றடிக்கும் பக்கமெல்லாம் கேட்டது. விடியற்காலம் வலி கண்டது. வண்டி கட்டி விடுதிக்குக் கொண்டுபோனார்கள். மாரித்தாய் தலைமுடியை இறுக்கி முடிந்துகொண்டு, முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவினாள். கழுவினவள் மறுபடியும் கழுவினாள். மூக்கம்மாளைக் கூட்டிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

வெளியே பெஞ்சில் முத்துக்குமாரசாமி உட்கார்ந்திருந்தார். பொழுது ஏறின பிறகு சிவனணைந்தபெருமாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். உள்ளிருந்து கோமதியின் சத்தம் வரும்போதெல்லாம் சிவனணைந்தபெருமாள் எழுந்து சாலை வரை போய்த் திரும்பி வந்தார். அவர் இந்தச் சத்தத்தை முன்பே ஒரு முறை கேட்டவர்.

நடு மத்தியானம் உள்ளே ஒரு பெரிய சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை.

பிள்ளை அழவில்லை. "ஏட்டி, என்னட்டி இது, அழ மாட்டேங்கு!" என்று மூக்கம்மாள் கத்தினாள். "சும்மா இருங்க ஆச்சி" என்று மாரித்தாயின் அதட்டல். பிறகு அதுவும் இல்லை. ஓட்டிலிருந்து சொட்டுகிற தண்ணீர் மட்டும் கேட்டது. ஊரெல்லாம் விசாரித்து, ஆறுக்கு ஒன்று என்று வாய் கூசாமல் சொன்னவர் முத்துக்குமாரசாமி. அப்படி விசாரித்த ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒருத்தன் இப்படித்தான் உட்கார்ந்திருப்பான் என்று இப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவனுக்கு ஆறும் இல்லை, நாற்பதும் இல்லை. அந்த ஒன்றுதான். முருகா, முருகா என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சிவனணைந்தபெருமாள் அவர் தோளை இறுக்கிப் பிடித்திருந்தார்.

முதலில் ஒரு தும்மல் மாதிரி கேட்டது. பிறகு வீல் என்று ஓர் அழுகை. மாட்டை வைத மூக்கம்மாளின் தொண்டை தோற்றுப்போகும். அப்படி ஓர் அழுகை.

கொஞ்ச நேரம் கழித்து மாரித்தாய் துணியில் சுற்றின சிவந்த உருண்டையோடு வந்தாள். முகமெல்லாம் வேர்வையும் கண்ணீரும். "பொம்பளப் பிள்ளை அண்ணாச்சி. கொஞ்சம் மிரட்டிட்டா. வாயில சளி அடைச்சிருந்துச்சு. ஊதி ஊதி... மதினி நல்லா இருக்காவ."

முத்துக்குமாரசாமி பிள்ளையைப் பார்த்தார். பிள்ளையைத் தாங்கியிருந்த அந்த ஈரக் கைகளைப் பார்த்தார். குலுங்கிக் குலுங்கி அழுதார். "மாரி! நல்ல கை, தாயி. உன் கை நல்ல கை! யாருகிட்ட வேணும்னாலும் நான் சொல்லுவேன்!"

திறந்திருந்த கதவுக்குள்ளிருந்து, தேய்ந்துபோன ஒரு குரல் வந்தது. "எத்தனை தடவ பாத்தீய?"

மாரித்தாய் சிரித்துவிட்டாள். இத்தனை நாள் எங்கே போயிருந்ததோ, அந்தப் பழைய சிரிப்பு. சிரித்து முடித்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "மதினி கேக்கது சரிதான். நீங்க சொன்னது செல்லாது அண்ணாச்சி. இன்னும் முப்பத்தொம்பது இருக்கு. பாத்துட்டுச் சொல்லுங்க. நல்லதோ கெட்டதோ, அன்னைக்கு நான் கேட்டுக்கிடுதேன்."

சிவனணைந்தபெருமாள் பெஞ்சை விட்டு எழுந்தார். பிள்ளையின் நெற்றியை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். சுவரில் உலகம்மாளின் பெயர் பொறித்த கல்லைப் பார்த்தார். பிறகு மாரித்தாய் பக்கம் திரும்பினார்.

"புளியறையில என் மக முழுகாம இருக்கா. ஐப்பசியில பேறுகாலம். திருநெல்வேலிக்குக் கொண்டுபோய்ப் பெரிய ஆஸ்பத்திரியில சேக்கணும்னு எல்லாம் ஏற்பாடு பண்ணி வச்சிருந்தேன்." அவர் முத்துக்குமாரசாமியைப் பார்க்கவில்லை; மாரித்தாயின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "முருகம்மாளை இங்கனயே கூட்டியாந்திருதேன், தாயி. அவ ரெண்டாவதா இருக்கட்டும்."

மாரித்தாய் பிள்ளையை அவர் கையில் கொடுத்துவிட்டு, வெந்நீர் எடுத்துக்கொண்டு கோமதியிடம் போனாள்.